அப்பம் பிட்கும் முன் கேட்கிற கேள்வி

காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் பல் துலக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுகிறேன். தேநீர் குடிக்கிறேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிறேன். என் மனைவியின் போனை சார்ஜரிலிருந்து எடுக்கிறேன். இரண்டு சபைக் குழுக்களிலிருந்தும் காலை வசனம் வந்திருக்கும். இரண்டு கோஷ்டியும் ஒரே காலண்டரைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வசனமும் ஒன்றுதான். இரண்டையும் அழித்துவிட்டுக் கிளம்புகிறேன். கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. அவள் இறந்த மறுவாரமே திரும்பப் போய்விட்டேன்.

முன்பு ஒரே சபைதான் இருந்தது. தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, போதகர் நாட்டின் தலைவர் பெயரைச் சொல்லி, அவரே மறுபடியும் ஆள வேண்டும் என்று ஜெபித்தார். பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள். மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் எதற்கு ஆமென் சொல்கிறார்கள் என்று கவனிப்பது எல்லோருக்கும் வேலையாகிவிட்டது. அரைக்கண் திறந்து ஜெபிக்கப் பழகினோம்.

என் மாமனார் அங்கே மூப்பர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் மைக் செட்டும் அவர் பொறுப்புதான். அந்தத் தலைவரை எதிர்த்து ஊர்வலம் போய்ச் சிறையில் கிடந்த மாணவர்களுக்காக ஜெபிக்க நான் எழுந்தபோது மைக் அணைந்தது. எனக்குப் பின்னால் வந்தவருக்கு நன்றாக வேலை செய்தது. அன்று மதியம் மாமனார் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன். ஒயர் லூஸ் என்றார். ஜால்ரா போடுகிறவருக்கு மைக் எதற்கு, அந்தச் சத்தமே போதாதா என்றேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். தேவனுக்கு விரோதியாய் இருக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டேன் என்று சமையலறையில் நின்று என் மனைவியிடம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். அதோடு என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதும் நின்றது.

ஆமென் சொல்லாத பாதி வெளியேறி, டயர் கடை மாடியில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்தது. நான் அங்கே போனேன். அவள் காலையில் அப்பாவோடு பழைய சபைக்குப் போவாள். அது முடிந்ததும் மாடிப்படி ஏறி எங்களிடம் வருவாள். இரண்டு இடத்திலும் எல்லா ஜெபத்துக்கும் உரக்க ஆமென் சொன்னாள். இரண்டு இடத்திலும் அவளைப் பிடிக்காமல் போயிற்று.

"ஆமென்தானே," என்றாள். "காசா பணமா?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள். அவளுக்கு நோய் வந்தபோது ரிப்போர்ட்டை முதலில் பார்த்தது அவளேதான். மருத்துவர் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தபோது, சீக்கிரம் முடிங்க டாக்டர், வெளியே கூட்டம் இருக்கு என்றாள். பிறகு மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலை ஹாலில் ஜன்னலோரம் போட்டோம்.

அங்கே படுத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அப்பாவும் நானும் அவளோடு உட்கார்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும். ஒரே மேஜையில், ஒரே அப்பம்.

"வேற ஒண்ணும் கேக்கலங்க," என்றாள்.

எங்கள் வழக்கத்தில் அது லேசான காரியமில்லை. அப்பத்தைப் பிட்கும் முன் போதகர் ஒவ்வொருவரையும் பார்த்து, யார்மேலாவது மனதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்றால் எடுக்கக் கூடாது. ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. ஒரு வேலித் தகராறுக்காக வருஷக்கணக்கில் அப்பத் தட்டைத் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டவர்கள் எங்களில் உண்டு. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு எடுத்தால் நோயும் சாவும் வரும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். சபை உடைந்ததிலிருந்து மாமனாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவர் வருவதாகச் சொன்னார். அவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே இல்லை. தலை வாரிவிட்டு வளர்த்தது அவர்தான். அந்த மதியம் போதகருக்கு முன்பே வந்தார். கட்டிலின் கால் ஆடுவதைப் பார்த்தார்.

"பாப்பா, ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எடுத்துத் தரச் சொல்லு," என்றார். நான் அவருக்கு எதிரில்தான் நின்றேன்.

"அப்பா ஸ்க்ரூ டிரைவர் கேக்கறாருங்க," என்றாள் அவள். "இடையில நான் ஒரு போஸ்ட் ஆபீஸ்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தரையில் மண்டியிட்டு, மூச்சு வாங்க, ஒவ்வொரு திருகாய் முடுக்கினார். கட்டில் அசையாமல் நின்றது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்துவிடும் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன்.

பழைய சபையின் போதகரே வந்தார். மடக்கு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் திராட்சரசத்துக்கான சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களையும் வைத்தார். ஜெபித்தார். யார் பெயரும் சொல்லவில்லை. பிறகு கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் மாமனார் பக்கம் திரும்பினார்.

மாமனார் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டார். அப்புறம், "இருக்குங்க ஐயா," என்றார். "போகல. ராத்திரியெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், போகல."

போதகர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே அப்பம் இருந்தது.

"எனக்கும்," என்றேன்.

போதகர் கெட்டவர் இல்லை. ரெண்டு பேரும் கை கொடுத்துக்குங்களேன், அவளுக்காக, என்றார்.

"கைய குடுத்துடலாம்," என்றார் மாமனார். "உள்ள இருக்கறத என்ன பண்றது? என் பிள்ள இப்படிக் கிடக்கறப்ப நான் பொய்யோட எடுத்து, அது இவ தலையில விடியணுமா?"

விடிய இனி என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு மட்டுமாவது கொடுக்கிறேன் என்றார் போதகர். ஒரு துண்டை உதட்டருகே கொண்டுபோனார். மருந்து வேண்டாம் என்கிறபோது மூடுவதுபோல அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாய்ப் பெட்டியில் அடுக்கினார். மாமனார் அவள் காலைத் தொட்டுப் பார்த்து, போர்வையை இழுத்துவிட்டு வெளியே போனார். தெருவில் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கிளப்பவில்லை. பிறகு கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் முற்பகலில் அவள் இறந்தாள்.

அடக்கத்தின்போது போதகர், நம் சகோதரி இரட்சகரின் நாமத்தை உச்சரித்தபடியே கண் மூடினார் என்றார். மாடிச் சபைக்காரர்கள், கடைசி மூச்சிலும் தேசத்துக்காக ஜெபித்தாள் என்று குழுவில் எழுதினார்கள். எந்த தேசம் என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்களுடைய தேசம்தான். மாமனார், ஒரு பாட்டு பாடச் சொன்னாளாம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியா என்று என்னிடம் வந்து கேட்டவர்களிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குழியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்றோம். அவரவர் சபை அவரவர் பின்னால் நின்றது. இன்று வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் இப்போதும் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். எனக்குத் தள்ளிவிடத் தட்டு இல்லை. நான் எங்கேயும் போவதில்லை.

அன்று மதியம் அவர் வண்டி போன பிறகு அவளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவதற்கு என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். கோபம் இல்லை. களைத்த குரல். அதற்குப் பிறகு தூங்கிவிட்டாள், தூக்கத்திலிருந்து வெளியே வரவில்லை. தூங்கும் முன் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமேங்க, ரெண்டு பேரும்."