ஒரு பால் கேன் கனம்

வடகாற்று திரும்பும் முதல் நாள் விடியலில் மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். ஏழு வயதிலிருந்து ஹார்லன் மிட்ஜெட் அந்த விடியலைத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் தவறிவிடும் போலிருந்தது. ஆகஸ்டில் அவர் நெஞ்சைத் திறந்து, அடைத்துக்கொண்ட குழாய்களைச் சரிசெய்து, கம்பி போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்து முடியும்வரை, கடையில் விற்கிற நாலு லிட்டர் பால் கேனுக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது, வலையைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். டாக்டராவது ஒரு தடவைதான் சொன்னார். ஹார்லனின் மனைவி வெர்னா தினமும் சொன்னாள்.

அதற்கெல்லாம் அடங்குகிற ஆளா அவர்? வெர்னா தூங்கும்போது நழுவிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். வழியில் நின்றது ஒரே ஒரு கதவுதான்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய அந்தத் தீவின் மற்ற வீடுகளைப் போல அவர்கள் வீடும் மரத்தூண்களின் மேல் நின்றது. கீழே கராஜ், அதற்கு நேர் மேலே படுக்கையறை. வண்டி, வலை, வாளி எல்லாம் கராஜுக்குள். முந்தின நாளே வண்டியை வெளியே நிறுத்தினால் வெர்னாவுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் போதும். கராஜ் கதவோ, பலகை பலகையாக மடிந்து மேலே ஏறுகிற வகை, திறந்தால் ஊரைக் கூட்டும். கடலோரத்தில் வீடு வைத்திருப்பவன் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கதவின் உப்பைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். ஹார்லன் அதை ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்கூடச் செய்தவரில்லை. இருபத்தாறு வருட உப்பு அந்தக் கீல்களில் உட்கார்ந்து கத்தியது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை அவர் ரப்பர் குழாயும் சோப்பு வாளியுமாகக் கதவின் முன் போய் நின்றார். மாடிப்படியில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த வெர்னா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா கத்துது அந்தக் கதவு. இன்னைக்குத்தான் உன் காதுல விழுந்ததா?"

"சும்மாதானே இருக்கேன். வீட்டுக்கு ஏதாவது செய்யலாமேன்னு பாத்தேன்."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று கேட்க அந்தத் தீவில் ஆள் இல்லை. வெர்னா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, வாளி கனம் என்று சொல்லி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வேலை முழுவதும் அவளுடையதாகிவிட்டது. கதவின் மேல்பாதி அவர் கைக்கு எட்டக் கூடாத உயரம். ஏணியில் அவள் ஏறினாள், கீழே நின்று அவர் விரலை நீட்டினார். தன்னைக் காட்டிக்கொடுக்கும் கீல்களுக்குத் தன் பெண்டாட்டியையே எண்ணெய் விடவைத்ததை நினைத்து அவருக்கு உள்ளூரச் சிரிப்பு. கொஞ்சம் வெட்கமும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் அதிகம்.

ஒரு காரியத்தை மட்டும் அவர் தன் கையாலேயே செய்து கெடுத்தார். கதவின் இரண்டு பக்கமும் உருளைகள் ஓடுகிற இரும்புத் தடம் இருக்கிறதல்லவா, வெர்னா கடைக்குப் போன நேரத்தில் அதற்குள் படகுக்கு வைத்திருந்த கிரீஸை வழிய வழிய அப்பிவிட்டார். மறுநாள் காற்றில் வந்த மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. கதவு முன்னே கத்தியது, இப்போது பல்லையும் கடித்தது. பக்கத்து வீட்டு டூயி கேஸ்கில், ஹார்லனோடு நாற்பது வருடமாக மீன் பிடிப்பவர், வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார்.

"அம்பது வருஷமா படகு ஓட்டுறவன் கதவையும் படகுன்னு நெனச்சுட்டான். ட்ராக்கைத் தொடச்சு மட்டும் வைக்கணும்டா. எண்ணெய் கீலுக்கும் உருளைக்கும் ஸ்பிரிங்குக்கும்தான்."

வெர்னா பழந்துணியும் வினிகருமாக உட்கார்ந்து, ஒரு பொழுது முழுக்கத் தடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். திங்கட்கிழமை மாலை கதவு முணுமுணுப்புகூட இல்லாமல் ஏறி இறங்கியது. கதவை ஏற்றி இறக்கும் மோட்டார் மட்டும் கரகரவென்றது. அதற்கு எண்ணெயும் கிடையாது, மருந்தும் கிடையாது. பரவாயில்லை, தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டார் கழன்றுகொள்ளும், கையால் தூக்கிவிடலாம் என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி என்று வெர்னாதான் சொன்னாள். கயிற்றை இழுத்து, கதவை இடுப்பளவு தூக்கி, கையை விட வேண்டும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் கதவு அங்கேயே நிற்கும். அவள் மூச்சுப் பிடித்துத் தூக்கினாள், விட்டாள். கதவு தடாலென்று தரையில் விழுந்தது. கதவின் கனத்தையெல்லாம் தாங்க வேண்டிய ஸ்பிரிங்குகள் துருவேறிச் சோர்ந்து போயிருந்தன. அவற்றை வீட்டுக்காரர்கள் தொடக் கூடாது. முறுக்கின ஸ்பிரிங் தெறித்துக் கை முறிந்தவர்கள் அந்தத் தீவிலேயே இரண்டு பேர் உண்டு.

அது கிடக்கட்டும், அதுதான் மோட்டார் இருக்கிறதே என்றார் ஹார்லன். வெர்னா அவர் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

புதன்கிழமை நெஞ்சுக்கான உடற்பயிற்சி வகுப்பு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில். வழக்கமாகக் கூட வரும் வெர்னா தலைவலி என்று சொல்லி டூயியை அனுப்பினாள். திரும்பி வந்தபோது தலைவலிக்காரி சுட்ட சோள ரொட்டி மேசையில் இருந்தது. ஹார்லன் மூன்று துண்டு தின்றார். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு உலகம் இருட்டுதானே.

வெள்ளிக்கிழமை மாலை தென்காற்று அடங்கிப்போனது. சனிக்கிழமை விடியுமுன் டூயி வீட்டுக் கொடிக்கம்பத்தில் கயிறு டக் டக்கென்று அடிக்கும் சத்தம் கேட்டு ஹார்லன் விழித்தார். வடகாற்றுதான். ஜன்னல் இடுக்கில் வந்த குளிர் மூக்கில் பட்டதும் அவருக்கு ஏழு வயதாகிவிட்டது. பக்கத்தில் போர்வை மேடாகக் கிடந்தது. காலுறையோடு நடந்து, வெளிப்படியில் இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கராஜுக்குள் நுழைந்தார். விளக்குப் போடவில்லை. சிவப்புக் கயிற்றைத் தடவிப் பிடித்து மெல்ல இழுத்தார்.

குனிந்து கதவின் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் பயம் வந்தது. திங்கட்கிழமை அது விழுந்த சத்தம் காதில் கேட்டது. நெஞ்செலும்பைக் கட்டின கம்பி சட்டைக்குள் தனியாகத் தெரிந்தது. இது கூடாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கனமாக இருந்தால் விட்டுவிடுகிறேன் என்று கடவுளிடம் சொன்னார். அதில் பாதி பொய். வெளியே அலைச்சத்தம் மாறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

கதவு தானாக வந்தது. கனத்துக்காக அவர் திரட்டி வைத்த பலம் போக இடமில்லாமல் தள்ளாடிப் போனார். இடுப்பளவு வந்ததும் கையை எடுத்தார். கதவு அங்கேயே நின்றது. கீழ்வழியாக வந்த வெளுப்பில் அண்ணாந்து பார்த்தார். மேலே இரண்டு ஸ்பிரிங்குகள், புத்தம் புதியவை, துரு ஏறாத பூச்சோடு மினுமினுத்தன. ஒன்றில் தொங்கிய சீட்டில் புதன்கிழமைத் தேதி.

ஹார்லன் அப்படியே நின்றார். 

"அதையே பாத்துட்டு நின்னா மீனெல்லாம் புளோரிடா போயிடும்," என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஓட்டுகிற இருக்கையில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி, மடியில் காப்பிப் பிளாஸ்க். அவள் காலுக்குப் பக்கத்தில் வீச்சு வலை.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"கொடிக்கம்பத்துல கயிறு அடிக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாமே, வெர்னா."

"தடுத்தா நிக்கிற ஆளா நீ?" கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை அந்தக் குரலில். "கதவுக்காரன்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். ஒரு பால் கேனை விடக் கனம் இருக்கக் கூடாதுன்னேன். அவன் போன பிறகு பாலையும் கதவையும் மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தேன். பால்தான் கனம்."

ஹார்லன் மிச்சக் கதவையும் உயர்த்தலாமா என்று கையைக் கொண்டு போனார். தலைக்கு மேல் கை போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கி வந்து ஒரு விரலால் அதை மேலே அனுப்பினாள். சத்தமே இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

வலையை யார் வீசுவது என்று வழியில் கேட்டார். உனக்கு வீசக் கற்றுக்கொடுத்தது எங்க அப்பா, எனக்குக் கற்றுக்கொடுக்காமலா உனக்குக் கொடுத்தார் என்று கேட்டாள் அவள்.

"அப்ப நான் என்ன பண்றது?"

"வாளியைப் பிடிச்சுக்கோ."

"மீன் விழுந்தா கனக்குமே."

"ரெண்டு மீன் வரைக்கும் நீ. மூணாவது மீனுக்கு டூயியை வரச் சொல்லியிருக்கேன்."

மணல்மேட்டைத் தாண்டியதும் டூயி தண்ணீர் ஓரத்தில் நிற்பது தெரிந்தது. அவருக்கு முன்னால் கடல் மடவைக் கூட்டத்தால் கருத்துத் துள்ளிக்கொண்டிருந்தது. ஹார்லன் வாளியை எடுத்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் நடந்தார்.