மயங்கியவளின் நிரை

மூன்றாம் பக்கத்தில் என் கதையின் ‘நான்’ மயங்கி விழுந்துவிட்டாள். கதையோ ஆறு பக்கம்.

சிக்கல் இதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். மலையில் தலைசுற்றி விழுகிறாள். நாலு பேர் அவளைக் கம்பளியில் தூக்குகிறார்கள், கங்காணி கத்துகிறார், மழை பிடித்துக்கொள்கிறது. கண் மூடிக் கிடப்பவள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தாள்? அதைக் கேட்டுத்தான் பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பியிருந்தார். “சரிசெய்து புதன்கிழமைக்குள் அனுப்பினால் போடுகிறேன்.” ஜெமீலா என்ற என் பெயர் அச்சில் வர அதுதான் முதல் வாய்ப்பு. நாளைக் காலைத் தபாலை விட்டால் அதுவும் போச்சு.

பசறையில் எங்கள் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என் கணவர் லத்தீப் சீத்தைத் துணி கிழித்துக்கொண்டிருக்க, நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். மயங்கியவளைக் கனவு காணவைத்தேன். கனவில் கங்காணிக்கு வால் முளைத்தது. அந்த வரிகளை அடித்துவிட்டு, அவளை அரைக்கண் திறக்கவைத்தேன்.

நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயி பாவாடைத்துணி வாங்க வந்தாள். வாசித்துக் காட்டினேன். சிரித்தபடியே துணிக்கட்டின் மேல் சாய்ந்துவிட்டாள்.

“அரைக்கண்ணத் தொறந்துகிட்டு மயங்கினாளாம்! அது மயக்கமில்லம்மா, வேலைக்கு டிமிக்கி!”

“அப்ப நீயே சொல்லு. அவ எந்திரிக்கிற வரைக்கும் கதைய யாரு சொல்றது?”

“அத விடுங்க. அவ நிரைய யாரு எடுத்தா?”

“என்ன நிரை?”

“ஐயோ, அதுகூட எழுதலயா? மலையில ஆளுக்கொரு நிரை செடி, வரிசையா. ஒருத்தி விழுந்துட்டா அவ நிரைய அப்புடியே விட்டா கொழுந்து முத்திப்போகுமே! இந்தப் பக்கத்துக்காரி பாதி, அந்தப் பக்கத்துக்காரி பாதி பறிச்சுக்கிட்டே போவோம். அவ எந்திரிச்சு வந்தா, நாங்க விட்ட எடத்துலருந்து புடிச்சுக்குவா.”

நான் துள்ளியதில் அளவுகோல் லத்தீபின் காலில் விழுந்தது.

“வேலாயி, அந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாத்திருப்பாளுகளா?”

“எங்க! கங்காணி அழுதாருன்னு ஒருத்தி சொல்லுவா. இல்ல, அது மழைத்தண்ணின்னு மத்தவ சொல்லுவா.”

“ஜெமீலா, கடையில ஆளுக நிக்குது!” என்றார் லத்தீப், காலைத் தடவிக்கொண்டே.

“நிக்கட்டும், இங்க ஒருத்தி விழுந்து கிடக்கிறா!”

அன்று மாலைக்குள் எழுதி, உறையையும் ஒட்டிவிட்டேன். இப்போது கதை இப்படிப் போகிறது: மூன்றாம் பக்கத்தில் அவள் விழுந்ததும், இடது நிரைக்காரி ‘நான்’ என்று தொடங்கித் தான் பார்த்ததைச் சொல்கிறாள், அடுத்து வலது நிரைக்காரி, அவளும் ‘நான்’ என்றே, தான் பார்த்ததைச் சொல்கிறாள், ஆறாம் பக்கத்தில் கண் விழித்தவள், அவர்கள் விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்துக்கொள்கிறாள்.