மைக்கில் வராத பேர்

சாமிக்கண்ணுவின் தொண்டைக்கு அரியலூர் தாலுகாவில் போட்டி கிடையாது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் செட்டோடு தொண்டையையும் சேர்த்துக் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். இருபது வருஷம் சடுகுடுவுக்கு வர்ணனை சொன்ன வாய் அது. எண்பத்திரண்டாம் வருஷம் டவுன் கிளப் கூடைப்பந்துப் போட்டி நடத்தியபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஆட்டம் அவருக்குப் புதுசு. அதனால் என்ன, பாயிண்டு எடுத்தவன் பேரை ஊர் அதிரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே என்று துணிந்து இறங்கிவிட்டார்.

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் ஆட்டம். அரியலூர் டீமில் ராசாங்கம் என்று ஒரு நெட்டைப் பையன் இருந்தான். மின்வாரியத்தில் வேலை. அவன் கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் பந்து உள்ளேதான். "ராசாங்கம், மறுபடியும் நம்ம ராசாங்கம்" என்று சாமிக்கண்ணு முழங்க முழங்க, சந்தைக்கு வந்தவர்கள்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ராசாங்கத்தைப் பார்க்க வந்தார்கள்.

பைனல் பெரம்பலூரோடு. பாதி ஆட்டம் முடிந்தபோது பெரம்பலூர் ஆறு பாயிண்டு முன்னால் இருந்தது. எரிச்சலோடு சாமிக்கண்ணு டீக் குடிக்க மைதானத்துக் கேட்டுக்கு வெளியே போனார். அங்கே வேப்பமரத்தில் அவர் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே, மரிய புஷ்பம் அவித்த கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஏலாக்குறிச்சிக்காரி. அவள் மகன் மிக்கேல் அரியலூர் டீமில்தான் கார்டு ஆடினான். அதாவது, பந்தைக் கீழேயிருந்து தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"கேளு புள்ள."

"எம் மவன் ஆடுறானா, இல்ல பெஞ்சுல குந்தியிருக்கானா? யாவாரத்த வுட்டுட்டு உள்ள வர முடியல. ரெண்டு மாசமா இந்தக் கொழாயத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒங்க வாயில ஒருநாளும் அவன் பேரு வரலிங்களே. அவனக் கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுறான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். சாமிக்கண்ணு பாதி டீயோடு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். ராசாங்கத்தின் கையில் ஒவ்வொரு பந்தையும் கொண்டுபோய் வைத்தது யார்? மூன்று பேரை ஏமாற்றிவிட்டு, பார்க்காமலே பின்பக்கமாகக் கொடுத்தது யார்? எல்லாம் அந்தப் பையன்தான். சடுகுடுவில் பாடிப் போகிறவன் பேரை மட்டும் சொல்லிப் பழகிய வாய், இங்கேயும் பாயிண்டு போட்டவனையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறது. "ஆடுறான் புள்ள, நல்லாத்தான் ஆடுறான்" என்று முனகிவிட்டு உள்ளே வந்தார்.

வந்ததும் கிளப் செயலாளர் தேவசகாயம் ஒரு சீட்டை நீட்டினார். "சிறந்த ஆட்டக்காரர் பட்டியல். பரிசு குடுக்க வந்த தலைவர் ஏழு மணி ரயிலைப் புடிக்கணும். ஆட்டம் முடிஞ்ச ஒடனே படிச்சுடு."

முதல் பேர் ராசாங்கம். இரண்டாவது பெரம்பலூர் சாமிதுரை. மூன்றாவது மிக்கேல். முதலாவதாக வருகிறவனை, அவன் விருப்பப்பட்டால் திருச்சி மில் டீமில் வேலையோடு எடுத்துக்கொள்வார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"இது நியாயமில்லிங்க" என்றார் சாமிக்கண்ணு. "மிக்கேல் இல்லன்னா டீமே இல்ல."

"பாயிண்டு போடுறவன்தானய்யா பெரிய ஆட்டக்காரன். ரெண்டு மாசமா நீதான அப்படிக் கத்துற? ஒன் வர்ணனையக் கேட்டுத்தான் நாங்களே எழுதுனோம்."

அது உண்மை. மேடையில் பட்டியல் போட உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களும் வந்தவர் போனவருக்குக் கலர் சோடா கொடுத்து உபசரித்துக்கொண்டு, காதை மட்டும்தான் ஆட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சாமிக்கண்ணுவுக்கு வந்ததே கோபம். கோபம் அவர் மேலேயேதான். சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பந்து மிக்கேல் கையில். இடது பக்கம் பார்க்கிறான், ஆனால் கொடுப்பது வலது பக்கம். கொடுத்தது மிக்கேல், போட்டது ராசாங்கம்."

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. "யோவ் மைக்கு, பாயிண்டு மட்டும் சொல்லுய்யா" என்று பெரம்பலூர் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். சாமிக்கண்ணு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிக்கேல் பந்தைப் பறித்ததைச் சொன்னார், விழுந்து எழுந்ததைச் சொன்னார், விரலைக் காட்டி ஆளை நகர்த்தியதைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தின் கண் கூடையிலிருந்து இறங்கி அந்தக் குள்ளப் பையன் மேல் வந்து நின்றது. அடேயப்பா, இவ்வளவு நாள் இவன் எங்கேயிருந்தான் என்று கேட்டவர்கள் அவனை எல்லா ஞாயிறும் பார்த்தவர்கள்தான். மேடையில் சோடா பாட்டில்கள் அப்படியே நின்றன. தேவசகாயம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி நிமிஷம். பெரம்பலூர் அறுபத்தொன்று, அரியலூர் அறுபது. சாமிக்கண்ணுவின் குரல் கம்மிவிட்டது, நிறுத்தவில்லை. ராசாங்கத்தை இரண்டு பேர் மறித்து நின்றார்கள். மிக்கேல் அவனைப் பார்த்தே ஓடினான், கையையும் அவன் பக்கமே ஓங்கினான். பந்து மட்டும் எதிர்ப்பக்கம் போயிற்று. அங்கே யாரும் சீந்தாமல் நின்ற ஒருவன் வாங்கிப் போட்டான். விசில் ஒலித்தது.

"மிக்கேல். மிக்கேல். மிக்கேல்." சாமிக்கண்ணு அந்த ஒரு பேரையே திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டமும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. அரியலூர்க்காரன் கத்தினான், தோற்ற பெரம்பலூர்க்காரனும் சேர்ந்து கத்தினான்.

தேவசகாயம் ஓட்டமாக வந்தார். "அந்தச் சீட்டக் குடுய்யா." மேடையில் மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன. கைகள் ஆடின, தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சீட்டு திரும்பி வந்தபோது பேர்கள் பேனாவால் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. சாமிக்கண்ணு ஒருமுறை மனசுக்குள் படித்தார், பிறகு ஊருக்குப் படித்தார். முதலாவது, மிக்கேல். ராசாங்கமே ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

உச்சி குளிர்ந்துபோய் சாமிக்கண்ணு கேட்டுக்கு வந்தார். மரிய புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடலைக் கூடை கவிழ்ந்து கிடந்தது.

"கேட்டுச்சா புள்ள?"

"கேட்டுச்சுண்ணே. நல்லா இருப்பீங்க." கை எடுத்துக் கும்பிட்டாள். பிறகு, "அந்தக் கடைசிக் கூடைய எம் மவனா போட்டான்?" என்று கேட்டாள்.

"அவன் குடுத்தான். போட்டது அரியமுத்து. ஆண்டிமடத்துப் பையன்."

அவள் கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. "அந்தப் புள்ள பேரச் சொல்லவே இல்லிங்களேண்ணே. அதோட அம்மாவும் எங்கியாச்சும் கேட்டுக்கிட்டு இருந்துருக்குமே."

சாமிக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. உள்ளே அவருடைய ஆட்கள் ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். "டேய், கழட்டாதீங்கடா" என்று கத்திக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார். பாதிக் கூட்டம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது. அவர் மைக்கை வாயருகே இழுத்து, கம்மிய தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"கடைசிக் கூடையைப் போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர், ஆண்டிமடம் அரியமுத்து."