இரட்டைப்படை வசனங்கள்

மூன்றாவது வசனம் முடிந்தது. நாலாவது அக்காவுடையது. அவள் வாசிக்கட்டும்.

வாசிக்க அக்கா இல்லை என்பது கிருபாவதிக்குத் தெரியாமல் இல்லை. அக்கா நேசமணி இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலையில் சாப்பாட்டு மேசையில் வேதாகமத்தைத் திறந்தால் மனம் அப்படித்தான் சொல்கிறது, சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. எதிரே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் ஐந்தாவது வசனத்துக்குத் தாவினாள்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில், முப்பத்தொரு வருஷம், காலை ஆறரைக்கு இந்த மேசையில்தான் மாறி மாறி வாசித்தார்கள். முதல் வசனம் எப்போதும் தங்கைக்கு. அவள் எழுத்துக் கூட்டிப் படித்த வயதில் அக்கா விட்டுக்கொடுத்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது ஒற்றைப்படை வசனங்கள் மட்டும் வாசிக்கப்படுகின்றன. எட்டு மாதமாகப் பாதி வேதம்.

வாசித்து முடித்ததும் அவள் தன் அட்டையை எடுத்து, அன்றைய கட்டத்தில் ஒரு பொன் நட்சத்திரத்தை ஒட்டினாள். அந்த அட்டை அவளே ஆரம்பித்து வைத்தது. சனிக்கிழமை மத்தியானம் சபை மண்டபத்தில் அவள் வேதம் சொல்லிக் கொடுக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு கட்டம்: வாசித்தேன், கீழ்ப்படிந்தேன். வீட்டில் யாராவது ஒருவரோடு மாறி மாறி வாசிக்க வேண்டும், பகுதியை முழுதாக முடித்தால்தான் நட்சத்திரம் என்பது அவள் போட்ட சட்டம். வகுப்பு நேரத்தில் டீச்சரின் அட்டை பலகையில் தொங்கும்; முடிந்ததும் வீட்டுக்கு வரும். அதில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

கைப்பேசியில் சுதர்ஷினியின் செய்தி இரண்டு நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. சபையில் பிள்ளைகளின் வகுப்புகளை மேற்பார்க்கும் சின்னப் பெண் அவள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் கடந்து வருகிறவள், நல்லவள். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் ஞாயிறு; கிருபாவதி அக்கா சபைக்கு முன்னால் நின்று, ஒரு நாளும் தவறாமல் வாசிப்பதைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும், அட்டையையும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி. வகுப்புக்கு இளைய டீச்சர் ஒருத்தரைப் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு அடிபடுகிறதாம். இந்தச் சாட்சியைக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம்.

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தான் வாசிக்காதவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது கமிட்டியின் விதி. சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் யாராவது அவளை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். மற்ற நாட்களில் லிஃப்டில் ஏறும்போது பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் ஹாஜரா ஒரு சிரிப்பு சிரிப்பாள். அவ்வளவுதான்.

அன்று சனிக்கிழமை. மத்தியானம் மண்டபத்தில் மின்விசிறி சத்தத்துக்கு மேல் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கோகிலனிடம் நின்றாள். எட்டு வயது. அடுத்த வாரத்துக் கட்டங்களிலும் நட்சத்திரம் மின்னியது.

"இது என்னய்யா?"

"அடுத்த வாரமும் கீழ்ப்படிவேன்லா டீச்சர். மறந்துடக் கூடாதுன்னு இப்பவே ஒட்டிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பலகையில் தொங்கிய தன் அட்டையின் பக்கம் மட்டும் கண்ணைக் கொண்டுபோகவில்லை. வராத நாளுக்கு ஒட்டுகிற கோகிலனுக்கும், பாதி வாசித்த நாளுக்கு ஒட்டுகிற தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது.

கடைசி வரிசையில் ஷர்மினி அட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஏழு வயது, அப்பா இல்லை, அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவள். நிமிர்த்திப் பார்த்தால், கீழ்ப்படிந்தேன் கட்டங்கள் நிறைந்திருந்தன. அந்த வாரத்து வாசித்தேன் கட்டங்கள் ஆறும் காலி.

வாசிக்கவே இல்லையா என்று கேட்டாள். பிள்ளை தலையை ஆட்டியது. வாசித்ததாம், எல்லா நாளும்.

"அப்புறம் ஏன்டா ஒட்டல?"

"என் வசனம் மட்டும்தான் டீச்சர் படிச்சேன். அம்மா வேலை முடிஞ்சு வந்து தூங்குறாங்க. அவங்க வசனம் அப்படியே இருக்கு."

"அதையும் நீயே படிச்சிருக்கலாமே."

ஷர்மினி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அது அம்மாவோடது."

கிருபாவதி பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. அந்த வாரப் பகுதி, புயலில் மாட்டிய படகைப் பற்றியது. பிள்ளை தனக்குத் தெரிந்த அளவில் கதையைச் சொன்னது. "எல்லாரும் படகுல போறாங்க. ஃபெர்ரி மாதிரி இல்ல, சின்னது. புயல் வந்துச்சு, தண்ணி உள்ள வந்துச்சு. அப்புறம் ஆண்டவர் எழுந்து அதட்டுனாரு, காத்து நின்னுடுச்சு. அவர் எப்படி எழுந்தாருன்னு தெரியல. நடுவுல அம்மா வசனம்."

"டீச்சர் அட்டையில ஓட்டையே இல்ல," என்றாள் பிறகு, பலகையைப் பார்த்து. பொறாமை இல்லாத குரல். "டீச்சர் கூட யாரு படிக்கிறாங்க?"

பிள்ளை வேறு எதையும் கேட்டிருக்கலாம். கிருபாவதி வேதத்தைத் திறந்து ஷர்மினியின் மடிக்கும் தன் மடிக்கும் நடுவில் வைத்தாள். "நீ உன்னுத ஆரம்பி. இன்னைக்கு அம்மாவோடத நான் படிக்கிறேன்."

பிள்ளை விரல் வைத்து வாசித்தது. இரண்டாவதை இவள் வாசித்தாள். குரல் தன்னுடையதாக இல்லை. மூன்றாவதில் புயல் எழும்பியது. நாலாவது வந்தது.

படகின் பின்புறத்தில் ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். சீடர்கள் எழுப்புகிறார்கள். நாங்கள் சாகப் போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். ஐம்பது வருஷமாகத் தெரிந்த கதை. ஆனால் இந்த வசனம் எப்போதும் அக்காவின் வாயில்தான் இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. அவள் எட்டு மாதமாக அக்காவின் வசனங்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். யாரையும் எழுப்பாமலே.

"அழறீங்களா டீச்சர்?"

"இல்லடா. எழுத்து பொடிசா இருக்கு. உன் முறை."

ஐந்தாவதில் காற்று நின்றது. எழுப்பியதால்தான் நின்றதா என்று ஷர்மினி கேட்டாள். அப்படித்தான் போலிருக்கிறது என்றாள் கிருபாவதி. பகுதியை முடித்து, பிள்ளையின் அட்டையில் அன்றைக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். காலியான ஆறு கட்டங்களையும் அப்படியே விடச் சொன்னாள். காலையில் தான் ஒட்டிவந்த நட்சத்திரம் நினைவுக்கு வந்தது. ஒட்டியபோது பொய்யாக இருந்தது. இப்போது அது ஒன்று மட்டும் மெய்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஷர்மினியை அழைத்துப்போக வந்த அம்மா தூக்கக் கண்ணோடு வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள். கிருபாவதி பலகையிலிருந்து தன் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சுதர்ஷினி கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, மெசேஜ் பார்த்தீங்கதானே? பதிலே காணோம். நிகழ்ச்சி நிரல் இன்னைக்கு அச்சுக்குக் குடுக்கணும். உங்க பேரைப் போட்டுட்டேன்."

"எடுத்துடும்மா."

"ஏன்க்கா, வெட்கமா? ரெண்டே நிமிஷம்லா."

"நான் முழுசா வாசிக்கல. அக்கா போனதுலேர்ந்து பாதிதான். நட்சத்திரம் மட்டும் ஒட்டியிருக்கேன்."

சுதர்ஷினி சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் நடக்கிறதுதான், யாரும் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்கப் போவதில்லை, பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கமிட்டிக்குத் தெரிந்தால் வகுப்பு போய்விடும் என்பதையும், மெதுவாக, அன்போடுதான் சொன்னாள்.

தெரியும் என்றாள் கிருபாவதி. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இனி பஸ் ஏறி, லிஃப்ட் ஏறி, அந்த இரண்டு நாற்காலிகளிடம் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை போக இடம் இருக்குமோ என்னவோ.

"பேச வேணாம்க்கா. சும்மா முன்னால நின்னா போதும். கார்டை மட்டும் குடுங்க, நான் காட்டிக்கிறேன்." சுதர்ஷினி கையை நீட்டினாள்.

கிருபாவதி அட்டையை இரண்டாக மடித்து, வேதத்துக்குள் வைத்து மூடினாள்.

"இல்லம்மா," என்றாள். "தர மாட்டேன்."