ஏழே முக்கால் மணி பிரஷர்

கையில் பட்டையைச் சுற்றும்போதே ஃப்ளோராவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். பவுல்சாமி பட்டனை அழுத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நாற்பது வருஷம் லேத்தின் முன்னால் நின்ற மனிதர். பெண்டாட்டியின் ரத்த அழுத்தத்தையும் இரும்பை அளக்கிற கண்ணோடுதான் பார்த்தார்.

"நூத்தி அம்பத்தெட்டு," என்றார். "நேத்து அம்பத்தாறு."

நோட்டில் எழுதினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். பிறகு எட்டு மாதம் மனச்சோர்வில் படுக்கையே கதி. தலை சீவிவிட்டதுகூட பவுல்சாமிதான். இரண்டு மாத்திரைகள் கேட்கவில்லை. டாக்டர் அஃப்சருன்னிசா மூன்றாவதாக எழுதிக்கொடுத்ததுதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. அதே டாக்டர் போன மாதம், இந்த மாத்திரை சிலருக்கு பிரஷரை ஏற்றும், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், இறங்காவிட்டால் மாற்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். மாற்றுவதாம். அந்த எட்டு மாதத்தை இன்னொரு தரம் யார் படுவது?

ஃப்ளோரா யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டாள். பிரஷர் இறங்கினால் மாத்திரை தப்பிக்கும் என்பது அவள் கணக்கு. படித்த டீச்சரின் புத்தி பயத்தில் அப்படிப் போயிற்று. நான்காம் நாள் தலைக்குள் சுரீர் சுரீர் என்று இழுத்தது. பாத்திரம் துலக்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. அன்று மெஷின் நூற்று அறுபத்தொன்று காட்டியது.

மறுநாள் தி.நகர் கிளினிக்கில் டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"எல்லாமே ராத்திரி ஏழே முக்காலுக்கு எடுத்திருக்கீங்க. அதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"ஜெபமாலை சொல்லுவோம் டாக்டர், அம்பத்துமூணு மணியும்," என்றார் பவுல்சாமி.

"உட்கார்ந்தா?"

"முட்டி போட்டு. தவக்காலம் ஆச்சே, ரெண்டு பேரும் கையை விரிச்சு வெச்சிக்கினு." விரித்தே காட்டினார். ஒரு கை சுவரில் இடித்தது. "அரை மணி ஆவும். முடிஞ்ச கையோட மெஷின். ஒரே டைம்ல பாக்கச் சொன்னது நீங்கதானே."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "காலையில பாருங்க. அஞ்சு நிமிஷம் சும்மா சாய்ஞ்சு உட்கார்ந்த பிறகு. ஒரு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

ஃப்ளோரா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டேன் டாக்டர்."

டாக்டர் கண்டித்தார். இன்றிலிருந்து தினமும் போட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் ஆட்டோ திரும்பிய பிறகுதான் பவுல்சாமி பேசினார்.

"கை விரிச்சு ஜெபம் சொல்றோம்னு நேர்ந்துக்கினது உனக்காவத்தான் ஃப்ளோரா. அதுவே இப்டி ஆயிப்போச்சே."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்றாள்.

மறுநாள் காலை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவுல்சாமி கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் எண்ணிவிட்டுப் பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்தெட்டு.

ஃப்ளோராவுக்கு நம்பிக்கை வரவில்லை. "மெஷின் சரியா இருக்கா? உங்களுக்கு ஒரு தடவை பார்ப்போம்."

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன்."

இருந்தாலும் கையை நீட்டினார். மெஷின் வாங்கியதிலிருந்து அந்தப் பட்டை அவர் கையில் ஏறியதே இல்லை. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து ஃப்ளோராதான் பட்டனை அழுத்தினாள். நூற்று எண்பத்து நான்கு.

"மெஷின் ரிப்பேர்," என்றார். இன்னொரு கையை நீட்டினார். நூற்று எண்பத்தாறு.

இரண்டு வருஷமாக அந்த மனிதர் சரியாகத் தூங்கினாரா என்று ஃப்ளோரா ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது இப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய்க் கொடியிலிருந்து அவர் சட்டையை எடுத்துவந்தாள்.

"போட்டுக்குங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பவுல்சாமி சட்டையை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ இன்னும் மாத்திரை போடலியே," என்றார்.