இருபத்தொன்பது அங்குலம்

ஒடீலியா கோட்டின் முதுகுத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தள அடுப்பங்கரையில் தையல் மிஷினுக்கு மேலே மட்டும் விளக்கு எரிந்தது. அந்தக் கோட்டு ஒன்பது வருடங்களுக்கு முன் மகள் கல்யாணத்துக்காக அவளே தைத்தது. அதன் பிறகு அவள் கணவர் ஜெர்வாசியோ நன்றாகப் பெருத்துவிட்டார்.

"பின்பக்கம் வெட்டி விட்டுடுவோம் மேடம். படுத்திருக்கும்போது யாருக்கும் தெரியாது" என்று அவர் உடலை வைத்திருந்த ஃப்யூனரல் ஹோம் இளைஞன் காலையில் போனில் சொன்னான்.

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அவள். "பதினோரு மணிக்கு நானே கொண்டு வர்றேன்."

கணவருக்கு எதைத் தைத்தாலும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பாள். அதைப் பிரித்துப் புதுத் தையல் போட அரை மணி நேரம் போதும். இருபத்தாறு வருடம் கல்யாண உடைக் கடையில் அளவு திருத்திக் கொடுத்த கை. மூன்று நாளாக எத்தனையோ பேர் அந்தக் கையைப் பிடித்து அழுதார்கள். ஊசி பிடித்தபோதுதான் அது மறுபடியும் அவளுடையதாயிற்று.

படியில் காலடி கேட்டது. கணவரின் தம்பி அடெலினோ பாதிப் படியிலேயே நின்றான். ஒரு முழங்கால் சரியில்லாதவன். படி இறங்குவதென்றால் யோசிப்பான்.

"அண்ணி, டூலியோ வந்திருக்கான். உங்களைப் பார்க்கணுமாம்."

"கீழ வரச் சொல்லு. எனக்கு வேலை இருக்கு."

டூலியோ மேஸ்திரி. இவர்கள் பிறந்த அசோர்ஸ் தீவுகளில் அடுத்த ஊர்க்காரன். இந்த நாட்டுக்கு வந்ததும் அண்ணன், தம்பி இருவரையும் சென்ட்ரிங் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் அவன்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலாவது மாடித் தளத்தின் ஓரத்திலிருந்து ஜெர்வாசியோ விழுந்தபோது கீழே நின்றவனும் அவன்தான். கையில் பெரிய பழக்கூடையோடு இறங்கி வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பின் மேல் வைத்தான்.

"அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல."

"காபி குடிக்கிறியா?"

"வேண்டாம்க்கா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்." அவன் தொப்பியைக் கழற்றினான். "லேபர் இன்ஸ்பெக்டரம்மா உங்களைக் கூப்பிடுவாங்க. அண்ணன் பக்கத்துல சேஃப்டி பெல்ட் கிடந்துச்சு. அவர் பேர் எழுதின பெல்ட். புழுக்கம் தாங்காம கழட்டிப் போட்டிருக்காரு. அவர் அப்படித்தானே, உங்களுக்குத் தெரியாததா? வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லன்னா சைட்டை மூடிடுவாங்க. நாப்பது குடும்பம்க்கா. அடெலினோவும் அதுல ஒருத்தன்."

அடெலினோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒடீலியா நூலைப் பல்லால் கடித்தாள். "பேரை யாரு எழுதினது?"

"என்னது?"

"பெல்ட்ல. அவரே எழுதினாரா?"

"ஸ்டோர்ல எழுதிக் கொடுப்பாங்க."

"அவரு எழுதினா கடைசி எழுத்துக்கு வால் வைப்பாரு. அதான் கேட்டேன்." அவள் மிஷினை ஓட்டினாள். தையலை முடித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "நீ வந்தது நல்லது டூலியோ. கூடையை எடுத்துட்டுப் போ. வீட்ல வைக்க இடமில்ல."

அவன் போன பிறகு கோட்டை இஸ்திரி போட்டு உறையில் மாட்டினாள். மேஜை இழுப்பறையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். ஃப்ரிஜ் கதவில் இன்ஸ்பெக்டர் விட்டுப்போன கார்டு காந்தத்தில் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

"வண்டியை எடு. கோட்டைக் கொடுத்துட்டு, அப்படியே இந்த அட்ரஸுக்குப் போகணும்."

அடெலினோ கார்டைப் பார்த்தான். "இன்னைக்கேவா அண்ணி? நாலு மணிக்கு ஆளுங்க அண்ணனைப் பார்க்க வந்துடுவாங்க."

"நாலு மணிக்கு இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்கு."

கோட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். டண்டாஸ் தெருவில் டிராம் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். ஜூலை வெயில் கண்ணாடியில் அடித்தது. மே மாதத்திலிருந்து ஜெர்வாசியோ சாப்பிடும்போது இரண்டு மூன்று முறை சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பெல்ட் கேட்டால் அவர் அளவு இல்லையாம், அடுத்த வாரம் வருமாம். "அடுத்த வாரம்தானே, சண்டை போடாதீங்க" என்று சூப்பை ஊற்றியவள் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மேவிஸ் கார்பின் ஐம்பது வயதுக்காரி, ட்ரினிடாடில் பிறந்தவள். குட்டை முடி, தேய்ந்த பூட்ஸ். அவர்களைச் சின்ன அறையில் உட்கார வைத்தாள்.

"நானே ரெண்டு நாள் கழிச்சு வர்றதா இருந்தேன். இன்னைக்கு நீங்க வந்திருக்க வேண்டாம்."

"அந்தப் பெல்ட்டைப் பார்க்கணும்" என்றாள் ஒடீலியா. அவளுடைய ஆங்கிலம் கடையில் கற்றது. மற்ற இடங்களில் தடுக்கும். அளவு பேசும்போது தடுக்காது.

மேவிஸ் யோசித்தாள். பிறகு உள்ளே போய், முத்திரை போட்ட பையைக் கொண்டுவந்து, தேதியும் நேரமும் எழுதிவிட்டுப் பிரித்தாள். மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் பெல்ட்டை வைத்தாள். தோளுக்கும் நெஞ்சுக்கும் இரண்டு தொடைகளுக்கும் தனித்தனிப் பட்டைகள். முதுகுப் பட்டையில் கறுப்பு மையில் ஜெர்வாசியோ என்று எழுதியிருந்தது. கடைசி எழுத்துக்கு வால் இல்லை.

"தொடலாமா?"

மேவிஸ் கையுறை கொடுத்தாள். ஒடீலியா கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். தொடைப் பட்டையை அது போகிறவரை தளர்த்தினாள். கொக்கியை மாட்டி, வளையத்தின் உள்சுற்றை அளந்தாள். திரும்ப ஒரு தடவை அளந்தாள்.

"இருபத்தஞ்சரை. இதுக்கு மேல விட முடியாது. நீங்களும் பாருங்க."

மேவிஸ் குனிந்து பார்த்தாள். "இருபத்தஞ்சரை."

ஒடீலியா நோட்டைப் பிரித்து நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்கக் கணவரின் அளவுகள். மேலே தேதி, மே பதினொன்று. "கடையில வாங்குற பேன்ட் எதுவும் அவருக்குப் பத்தாது. வேலைக்குப் போட்டுக்க நான்தான் தைச்சுக் கொடுப்பேன். தொடை இருபத்தொன்பது. பேன்ட்டுக்கு மேல மாட்டினா முப்பதாவது வேணும்."

"ஒரு கால்ல மாட்டாம விட்டிருக்கலாமே?"

"நெஞ்சுப் பட்டை மட்டும் எட்டிடுமா? அதையும் அளக்கலாம்." அளந்தாள். அதுவும் எட்டவில்லை. பிறகு அவள் பட்டையை விளக்கின் கீழே சாய்த்தாள். "இங்க பாருங்க. மடிப்பு. டப்பால மடிச்சு வந்த மடிப்பு இன்னும் அப்படியே நிக்குது. ஒரு நாள் மாட்டி வேர்த்திருந்தாக்கூட இது போயிருக்கும். இந்தப் பெல்ட்டை ஒருத்தரும் போட்டதே இல்ல. அவரு வேலைச் சட்டையை முப்பது கோடை துவைச்சிருக்கேன். அவருக்கு எப்படி வேர்க்கும்னு எனக்குத் தெரியும்."

மேவிஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். நோட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டாள். ஒன்றையும் அவசரமாகச் செய்யவில்லை.

"இது அவர் பெல்ட் இல்லன்னு என்னால எழுத முடியும்" என்றாள் கடைசியில். "அங்க எப்படி வந்துச்சுன்னு எழுத, பார்த்தவங்க யாராவது சொல்லணும். சனிக்கிழமை எல்லார்கிட்டயும் கேட்டேன். யாரும் பார்க்கலன்னுட்டாங்க." அவள் அடெலினோ பக்கம் திரும்பவில்லை.

ஒடீலியாவும் திரும்பவில்லை. டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கதவோரம் நின்ற அடெலினோ கேட்டான்.

மேவிஸ் எழுந்து போய்க் கொண்டுவந்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மடங்காத முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

"டூலியோதான். அவன் வண்டியில இருந்து எடுத்துட்டு வந்தான். வர்ற வழியிலேயே பேரை எழுதினான். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி."

மேவிஸ் பேனாவை எடுத்தாள். ஒடீலியாவின் கை நின்றுவிட்டது.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடின்னா?" என்றாள். "அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"செத்துட்டாருன்னுதான எல்லாரும் சொன்னீங்க. விழுந்த உடனேன்னு."

"அப்படிச் சொல்லச் சொன்னாங்க அண்ணி. ஒரு எட்டு நிமிஷம் இருந்தாரு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான். கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அறைக்கு வெளியே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"ஷூவைக் கழட்டுடான்னாரு. கால் எரியுதுன்னு."

"கழட்டினியா?"

"கழட்டினேன். ரெண்டையும்."

"நல்ல வேளை" என்றாள் ஒடீலியா. அவள் குரல் சீராகத்தான் வந்தது. டேப்பைச் சுற்றி முடித்துப் பையில் வைத்தாள். "மிச்சத்தையும் சொல்லு. இன்ஸ்பெக்டரம்மா எழுதிக்கட்டும்."

அவன் சொன்னான். பன்னிரண்டு பேருக்கு ஐந்து பெல்ட். ஓரத்தில் தடுப்புக் கம்பி போட்டால் பலகை ஏற்றச் சிரமம் என்று மே மாதமே கழற்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் எல்லாம் மாட்டுவார்கள்.

"நான் சொல்லிட்டு வர்றதில்லையே" என்றாள் மேவிஸ்.

"நீங்க கேட்ல பேர் எழுதுறதுக்குள்ள கிரேன்காரன் மேல இருந்து ஹார்ன் அடிச்சிடுவான். ரெண்டு தடவை."

மேவிஸ் எழுதுவதை நிறுத்தினாள். "ஓ. எனக்கு வணக்கம் வைக்கிறான்னு நினைச்சேன். நானும் கையாட்டியிருக்கேன்."

அடெலினோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஒடீலியா அவன் முதுகில் கை வைத்தாள். அவன் நிமிரும்வரை எடுக்கவில்லை.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. மேவிஸ் தலைக்கவசத்தையும் சாவியையும் எடுத்துக்கொண்டாள். "நான் இப்பவே அங்க போறேன். இன்னைக்கு வேற பக்கமா உள்ள போறேன்."

வண்டியில் ஏறியதும் அடெலினோ கேட்டான். "எனக்கு இனிமே யாரு வேலை கொடுப்பா அண்ணி?"

"தெரியல. பார்ப்போம். முதல்ல சாப்பிடு, காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடல." ரொட்டிக் கடையில் நிறுத்தச் சொல்லி இறைச்சி வைத்த பன் இரண்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவளும் முழுதாக ஒன்றைச் சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு ஃப்யூனரல் ஹோமின் பெரிய அறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. மாதா கோயில் பெண்கள் முதல் இரண்டு வரிசையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்த மகள் ஒடீலியாவின் பக்கத்தில் நின்றாள்.

நாலரைக்கு வெளியே வரிசையாக வண்டிகள் வந்து நின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்த அடெலினோ, "மூணு மணிக்கே சைட்டை மூடிட்டாங்களாம்" என்றான். "யாரும் வீட்டுக்குப் போகல போல."

அவர்கள் உள்ளே வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வேலை உடையோடு, சிமெண்ட் பூத்த பூட்ஸோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. டூலியோ அதில் இல்லை. முன்னால் வந்த வயதான தச்சர் ஒருவர் ஒடீலியாவின் முன் நின்றார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எத்தனை நாள் மூடுவாங்களாம்?" என்றார்.

"தெரியலங்க."

அவர் அடெலினோவை ஒரு பார்வை பார்த்தார். அடெலினோ தலையைக் குனியவில்லை. கிழவர் தன் கையைப் பேன்ட்டில் துடைத்து நீட்டினார். முதலில் அவளிடம், பிறகு அவனிடம். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே. இரண்டு பேர் மட்டும் அடெலினோவுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப் போனார்கள்.

ஒவ்வொருவராகப் பெட்டியருகே போய், சிலுவை போட்டுக்கொண்டு, ஓரமாகச் சுவரோடு நின்றார்கள். நாற்காலி அழுக்காகும் என்று யாரும் உட்காரவில்லை.

எல்லோரும் வந்து முடிந்ததும் காலையில் போன் செய்த இளைஞன் சத்தமில்லாமல் ஒரு வேக்குவம் கிளீனரை உருட்டிக்கொண்டு வந்தான். அடர்சிவப்புக் கம்பளத்தில் வாசலிலிருந்து பெட்டிவரை வெள்ளையாகப் பூட்ஸ் தடம், ஒன்றின் மேல் ஒன்று.

"அது இருக்கட்டும் தம்பி" என்றாள் ஒடீலியா.

அவன் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு வயரைச் சுற்றத் தொடங்கினான்.