பெரியவர் பார்த்த வண்டி

இடது கையில் நுனியில் கண்ணாடி பொருத்திய குச்சியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முழங்கைவரை எஞ்சினுக்குப் பின்னால் நுழைத்துக்கொண்டு, சின்னவர் காரின் பானட்டுக்குள் கவிழ்ந்து கிடந்தபோது போன் அடித்தது. ஸ்பேனர்கள் பரப்பியிருந்த பலகைமேல் கிடந்த போனில் ‘அண்ணி’ என்று தெரிந்தது.

“இருங்க அண்ணி, இதோ வந்துட்டேன்,” என்று போனைப் பார்த்துச் சொன்னாரே தவிர எடுக்கவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அப்போதுதான் நூலிழை மாதிரி ஒரு புகை எழுந்திருந்தது. கையை உருவிவிட்டால் அந்த இடம் மறுபடி அகப்படுமோ, அகப்படாதோ.

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. பிளாஸ்க் கொண்டுவரச் சொல்வார், இல்லாவிட்டால் போர்வை என்று நினைத்துக்கொண்டார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அண்ணனை நேற்றுத்தான் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். நர்சிடம் எரிந்து விழுந்ததையும், தலையணை சரியில்லை என்று அதிகாரம் பண்ணியதையும் பார்த்தால், இன்னும் இருபது வருஷம் கடையை ஆளாமல் விடமாட்டார் போலத்தான் இருந்தது.

மெக்கானிக் கடை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. ஆனால் ஊருக்கு அது பெரியவர் கடை. வண்டியை உள்ளே விடுகிறவர்கள் முதலில் கேட்பது, “பெரியவர் இல்லையா?” என்பதுதான். எதிரே சின்னவர் நின்றுகொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசை நரைத்த ஆள். “என்ன கம்ப்ளெயின்ட், சொல்லுங்க, நான் பாக்கறேன்,” என்பார். “பரவாயில்லை, அவர் வரட்டும்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர் வந்து பானட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு, “சின்னவனே, அந்தப் பெல்ட்டைக் கழட்டு,” என்பார். கழற்றுவதும் மாட்டுவதும் கிரீஸில் குளிப்பதும் சின்னவர். போகும்போது கும்பிடு வாங்குவது பெரியவர். “அவர் கைராசி அப்படி,” என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கட்டிக்கொண்டவளே ஒருநாள் மிக்ஸி ஓடவில்லை என்றதும், “உங்க அண்ணன் வந்தா காட்டலாமா?” என்று கேட்டாள். அன்றைக்குச் சின்னவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பெரியவரையே மூன்று வாரம் சுற்றவிட்ட வண்டிதான் இது. கண் டாக்டருடைய கார். ஊருக்குள் அந்த மாதிரி வண்டி வேறு கிடையாது. எஞ்சின் தலைமேல் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். பெல்ட்டில் சுழன்று காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கும். மிதித்தால் புலி. ஆனால் சிக்னலில் நிறுத்தினால் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உடம்பெல்லாம் உதறும். தட், தட், என்று நடுநடுவே ஒரு துடிப்பைத் தவறவிடும். ஸ்கேனரை மாட்டினால் கடைசி சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

அண்ணன் பிளக்கை எல்லாம் புதிதாகப் போட்டார். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலை இடம் மாற்றிப் போட்டார். கோளாறு காயிலோடு போகாமல் அதே சிலிண்டரிலேயே நின்றது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கம்ப்ரஷன் அளந்தால் எல்லாம் ஒழுங்கு. தலையைச் சாய்த்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தவிப்பைப் பார்த்தபோது சின்னவருக்கு உள்ளுக்குள் சர்க்கரை கொட்டின மாதிரி இருந்தது. யானைக்கும் அடி சறுக்குமாம். சறுக்கட்டும், எத்தனை நாள்தான் சறுக்காமல் நடக்கும்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்:

“அண்ணே, டாக்டர் வண்டியை நான் பாக்கட்டுமா?”

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார், “அதத் தொடாதே. நான் வந்து பாத்துக்கறேன்.”

“சும்மா நிக்குதேன்னு கேட்டேன்.”

“நிக்கட்டும். உனக்குப் பிடிபடாதுடா அது.”

உனக்குப் பிடிபடாது. அந்த வார்த்தை சாப்பாட்டில் வந்தது, தூக்கத்தில் வந்தது. இன்றைக்குக் காலையில் ஷட்டரை ஏற்றியதும் நேராக அந்த வண்டியிடம் போய்ப் பானட்டைத் தூக்கிவிட்டார்.

அவருக்கு ஒன்று தோன்றியிருந்தது. மிதித்தால் சரியாகிவிடுகிறது, சும்மா நின்றால்தான் உதறல். அப்படியென்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. சும்மா ஓடும்போது எஞ்சின் குடிப்பதே ஒரு வாய்க் காற்று. அதில் கணக்கில் வராத காற்று கொஞ்சம் கலந்தாலும் பெட்ரோலோடு பொருத்தம் கெட்டுவிடும். மிதித்தபிறகோ காற்று வெள்ளமாகப் போகிறது. வெள்ளத்தில் இந்த ஒழுகல் எங்கே தெரியப்போகிறது. எஞ்சினை நிறுத்தி, காற்று போகும் குழாயில் புகையை ஏற்றினார். எங்கே ஓட்டையோ அங்கே புகை வெளியே வரும். முன்னால் வரவில்லை; பக்கத்தில் வரவில்லை. கடைசியாகக் குச்சிக் கண்ணாடியைச் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் விட்டபோதுதான், கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில், இருட்டில், அந்த இழை எழுந்தது.

விரலால் தடவினார். விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், ஹோஸ். மேலே பார்த்தால் புதுசு மாதிரி. அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. அண்ணன் கை தாம்பாளம் மாதிரி அகலம். அந்தச் சந்தில் மணிக்கட்டைத் தாண்டி நுழையாது. ஒல்லிக்குச்சிக் கை என்று சின்ன வயதிலிருந்து கேலிக்கு ஆளான கை நுழைந்தது.

பழையதைப் பிடுங்கிப் புது ஹோஸை வெட்டி மாட்டி, கிளாம்பை முடுக்குவதற்குள் புறங்கையெல்லாம் கீறி ரத்தம் கசிந்தது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்து, ஒரு முறை உயர்ந்து, அப்படியே இறங்கி நின்றது. உதறல் இல்லை. பானட்டைச் சாத்தி அதன்மேல் வைத்த டீ கிளாஸில் டீ அசையவில்லை. சின்னவர் யாருமில்லாத கடையில் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

போனில் திருப்பிக் கூப்பிடத் தோன்றவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டிய சங்கதி இது. அந்த வண்டியையே எடுத்தார். கிழிந்த ஹோஸ் சட்டைப்பையில் இருந்தது. அதை அண்ணன் மடியில் போட்டு, “இதுதாண்ணே உங்கள மூணு வாரமா சுத்தவிட்டது,” என்று சொல்வதாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். வேண்டாம், ஒன்றும் சொல்லாமல் மடியில் போட்டுவிட்டுச் சும்மா நிற்கலாம். அதுதான் நன்றாக இருக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி பூனை மாதிரி நின்றது. பச்சை விழுவது கூட அவருக்குப் பிடிக்கவில்லை.

மாடி வராந்தாவில் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணனுடைய மூக்குக்கண்ணாடியும் சீப்பும். அறைக்கதவு சாத்தியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே சின்னவருக்குக் கால் நின்றுவிட்டது.

“ரெண்டு தடவ கூப்பிட்டேன் தம்பி.”

சின்னவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

“டிபன் சாப்பிட்டாரு. பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. திடீர்னு வேர்த்துச்சு. டாக்டருங்க ஓடி வந்தாங்க...” அண்ணி சீப்பில் ஒட்டியிருந்த நரைமயிர் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார். “வேர்க்கும்போதே உங்களக் கூப்பிடச் சொன்னாரு. நீங்க எடுக்கலைன்னதும், ‘எடுக்கமாட்டான். அந்த வண்டியத்தான் நோண்டிக்கிட்டு இருப்பான், திருட்டுப்பய’ன்னாரு.”

“கோவமாவா?”

“தெரியல தம்பி. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

சின்னவர் உள்ளே போய் நின்றார். அண்ணன் முகம் ஒன்றும் சொல்லவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அந்தப் பெரிய கையைப் பார்த்தார். தன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, ரப்பரைத் தொட்டது, வெறுங்கையாக வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம் ஜெயித்தேன், அதையும் கேட்காமல் போய்விட்டாயே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எது முதலில் வந்தது என்பது யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

மறுநாள் காலையில் தூறல் போட்டது. அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலி போதாத அளவுக்குக் கூட்டம். லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், பஸ் கம்பெனி முதலாளி, எந்தக் காலத்திலோ ஒரு ஸ்கூட்டரை ரிப்பேர் பண்ணிக்கொண்டு போன கிழவர். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

“சத்தத்த வெச்சே சொல்லிருவாரே, எந்த போல்ட்டு லூசுன்னு.”

“நடுரோட்டுல நின்னுபோன வண்டி, அவரு வந்து பானட்டத் தொட்டதும் கிளம்பிருச்சு. கண்ணால பாத்தேன்.”

அந்த வண்டிக்கடியில் வெயிலில் படுத்துக் கிடந்தது யார் என்று சின்னவருக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். செத்தபிறகும் கும்பிடு அண்ணனுக்குத்தான். நாளைக்கு நான் போனால் யார் வருவார்கள், யார் என்ன சொல்வார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. சீ, பிணத்தை வைத்துக்கொண்டு என்ன நினைப்பு இது என்று அதட்டினார். அது அடங்கினபாடில்லை. பெரியவரே போய்விட்டார், இனிக் கடையை யார் பார்ப்பது என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார். சின்னவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அமரர் ஊர்தி தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு டாக்டரின் கார் நின்றது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவர் ஓட்டிவந்து நிறுத்தியது, நிறுத்திய இடத்திலேயே இருந்தது. மாலையோடு வந்திருந்த கண் டாக்டர், “நான் நகத்தறேன், சாவி குடுங்க,” என்றார்.

வண்டி கிளம்பியது. டாக்டர் நகர்த்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டபடி இறங்கி வந்து பானட்மேல் உள்ளங்கையை வைத்தார். கூட்டத்தில் பேச்சு அடங்கியது. தூறலுக்கு நடுவே எஞ்சின் ஒரே சீராக, சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தது.

“மனுஷன் படுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டுத்தான் போயிருக்காருய்யா,” என்றார் டாக்டர். குரல் தடுமாறியது. “வேற எங்கயும் கொண்டுபோகாதீங்க, நான் பாத்துத் தரேன்னு சொன்னாரு. சொன்ன மாதிரியே செஞ்சுட்டாரு.”

“அவரு கைதான் கை,” என்றார் ஸ்கூட்டர் கிழவர்.

அண்ணி உள்ளேயிருந்து சின்னவரைப் பார்த்தார். கீறல் விழுந்த புறங்கையைப் பார்த்தார். எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி தரையில் கையை ஊன்றினார்.

“என்னதான் கோளாறு, சின்னவரே?” என்று டாக்டர் கேட்டார். “ஸ்கேனருக்கே தெரியலையே.”

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. இப்படி ஒரு கூட்டம் அவர் வாயைப் பார்த்து நின்றதே கிடையாது.

“பின்னாடி ஒரு சின்ன ஹோஸ் டாக்டர். அடியில கிழிஞ்சிருந்துச்சு. மேல பாத்தா தெரியாது.”

“அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சது?”

“புகை விட்டு, கண்ணாடி வெச்சுப் பாத்...”

சின்னவர் கூட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார், அண்ணி தரையில் ஊன்றிய கையோடு காத்திருந்தார்.

“...பாத்தாரு,” என்றார்.

சொன்ன வாய் கசந்தது. ஒரு நாள் போனால் ஆறிவிடும் கசப்பாக அது தோன்றவில்லை. அண்ணி ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். தெருமுனைவரை சத்தம் துடிப்புத் தவறாமல் போனது. கார் நின்ற இடத்தில் ஈரத்தரைக்கு நடுவே அதன் அளவுக்கு ஒரு காய்ந்த செவ்வகம் வெளுப்பாகத் தெரிந்தது. ஊர்தி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள் தூறல் அந்தச் செவ்வகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, ஓரங்களிலிருந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சின்னவர் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.